பையைப் பார்த்தால் தெரியும்

1931ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு தன் விமானிகளுக்காக ஏற்றுக்கொண்ட ஏ-2 லெதர் ஜாக்கெட்டில் கையை விட்டுக்கொள்ள இடம் கிடையாது. முன்பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே இரண்டே இரண்டு ஒட்டுப் பைகள். இரண்டும் மேல்புறம் திறக்கும். மேலே ஒரு மூடி, அந்த மூடிக்கு அடியில் வெளியே தெரியாதபடி ஒரு டிச் பட்டன். சீருடை போட்ட அதிகாரி கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்பதை அந்தக் கால ராணுவம் ஒழுங்கீனமாகக் கருதியது. அதனால் பக்கவாட்டில் கை நுழையும் பாக்கெட்டே வைக்கவில்லை.

இன்று அதே சாயலில் கடைகளில் தொங்கும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு சைடு பாக்கெட் உண்டு. போட்டுக்கொள்கிறவருக்கு அது வசதி. குளிரில் கையைச் சூடாக வைத்துக்கொள்ளலாம், செல்போனைப் போடலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ஜாக்கெட்டை ஒருவர் எடுத்துக் காட்டி, ‘இது 1942இல் தைத்தது, போருக்குப் போய் வந்தது’ என்று விலை சொன்னால், லேபிளைப் படிப்பதற்கு முன் அந்தச் சைடு பாக்கெட்டைப் பார்க்க வேண்டும். லேபிளைப் புதிதாக நெய்து ஒட்டிவிடலாம். பை அப்படியல்ல. ஜாக்கெட்டை வெட்டும்போதே தீர்மானமாகிற விஷயம் அது.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1943இல் ராணுவம் ஏ-2 வாங்குவதை நிறுத்திக்கொண்டது. 1988இல் அமெரிக்க விமானப்படை அதே பெயரில் அதை மறுபடி கொண்டுவந்தது, இந்த முறை ஆட்டுத்தோலில். பின்னர் விமானிகளின் வசதிக்காக அதில் சைடு பாக்கெட்டும் சேர்த்தார்கள். ஆக, சைடு பாக்கெட் வைத்த ஏ-2 ஒன்று விமானப்படையே கொடுத்த, நூற்றுக்கு நூறு உண்மையான ஜாக்கெட்டாக இருக்கலாம். அது 1942இல் தைத்தது என்று சொல்லும்போதுதான் பொய்யாகிறது. அசலா போலியா என்ற கேள்வியைப் பொருளிடம் மட்டும் கேட்டால் போதாது, அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லப்படுகிற கதையையும் சேர்த்து வைத்துக் கேட்க வேண்டும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. முத்து விற்ற ஊர் இது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் கே. அழகர்சாமியும் அவரது குழுவினரும் இங்கேதான் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஓட்டிலிருந்து கடைந்தெடுத்த சிறு மணியை முத்துச்சிப்பியின் உடலுக்குள் வைத்து, கூடவே இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு துணுக்கையும் வைத்தால், சிப்பி அந்த மணியைச் சுற்றி முத்துப் படலத்தைப் படிய வைக்கிறது. மேலே இருக்கும் படலம் கடலில் தானாக விளைந்த முத்தின் படலம்தான். அதே அரகோனைட் தகடுகள், அதே புரதப் பசை, அதே ஒளி. உள்ளே இருக்கும் மணி மட்டும் வேறு. எக்ஸ்ரேயில் வைத்தால் மணியும் படலமும் பிரிந்து தெரிந்துவிடும். வளர்ப்பு முத்து என்று சொல்லி விற்றால் அது நேர்மையான பொருள், இயற்கை முத்து என்று சொல்லி விற்றால் மோசடி. லெதர் ஜாக்கெட்டிலும் கணக்கு இதுதான். ஜப்பானில் பஸ் ரிக்ஸன்ஸ், ரியல் மெக்காய்ஸ், இங்கிலாந்தில் ஈஸ்ட்மன், ஸ்காட்லாந்தில் ஏரோ லெதர் போன்ற நிறுவனங்கள் பழைய ஏ-2க்களைத் தையல் தையலாகப் பிரித்தறிந்து அதே மாதிரி செய்து தருகின்றன, புதிது என்று சொல்லியே விற்கின்றன. போர்க்காலத்தில் பல நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்து ஏ-2 தைத்தன. ஒவ்வொன்றின் வெட்டும் கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஒன்றின் பை மூடி நுனியில் கூர்ந்திருக்கும், இன்னொன்றில் வளைவு அதிகம். ஒன்றின் பை அகலம், இன்னொன்றின் பை உயரம். இந்த மறுபடைப்பு நிறுவனங்கள் எந்த ஒப்பந்தத்து ஜாக்கெட், எந்தப் பை வடிவம் என்பதுவரை சொல்லித்தான் விற்கின்றன.

பை ஏன் அவ்வளவு பேசுகிறது என்றால், ஆடையின் எல்லாப் பாகங்களிலும் அதுதான் வேலைக்கு மிக நெருக்கமானது. காலர் அழகுக்காகப் பெரிதாகலாம், சிறிதாகலாம். பையின் இடத்தையும் அளவையும் திறக்கும் திசையையும் போடுகிறவரின் உடல் எந்த நிலையில் வேலை செய்கிறது என்பது தீர்மானிக்கிறது.

விமானி உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் பாராசூட் வார்கள், இடுப்பில் இருக்கைப் பெல்ட். காக்பிட்டில் முழங்கையை விரிக்க இடமில்லை. நிற்கும்போது வசதியாக இருக்கும் சைடு பாக்கெட்டின் வாய், உட்கார்ந்ததும் மடிந்து, பெல்ட்டுக்கும் தொடைக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. அதற்குள் கைவிட முடியாது. விட்டாலும் உள்ளே இருந்தது வெளியே விழுந்துவிடலாம். விமானம் சாயும்போதும் குட்டிக்கரணம் அடிக்கும்போதும் பையில் இருக்கும் பென்சில் தரையில் விழுவதோடு நிற்காது. மிதிக்கட்டைக்கு அடியிலோ இயக்குக் கம்பிகளுக்கு நடுவிலோ போய்ச் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மேலே திறந்து, மூடியும் பட்டனும் போட்டுச் சாத்திக்கொள்ளும் ஒட்டுப் பைக்கு இந்தக் கோணத்திலும் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் லெஸ்லி இர்வின் செம்மறித் தோலில் உருவாக்கிய கனத்த ஜாக்கெட்டில் வெளியே பையே வைக்கவில்லை. பின்னாளில் நைலான் வந்தபோது எம்ஏ-1 ஜாக்கெட்டில் பேனாப் பை இடது கைக்கு, தோளுக்குக் கீழே ஏறிவிட்டது. வலது கையால் சட்டென்று எடுக்க அதைவிட நல்ல இடமில்லை. விமானிகளின் முழு உடுப்புகளில் பைகள் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கின. உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணெதிரே, கைக்கு எட்டும் மேசை அவருடைய கால்கள்தான்.

நம் கடலிலும் இதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. முத்துக் குளித்தவர் உடுத்தியது கோவணம் மட்டும். சிப்பியைச் சேர்க்க அவர் கொண்டுபோன பை உடம்பில் தைக்கப்பட்டதல்ல. கயிற்றில் கட்டிய வலைப்பை. கல்லைப் பற்றிக்கொண்டு, சிப்பிகள் கிடக்கும் கடலடிப் பாரில் இறங்கி, மூச்சு தீரும் முன் கைக்கு அகப்பட்டதை அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்கும் ஆள் பையை மேலே இழுப்பார். சுமை தனி வழியில், ஆள் தனி வழியில். வலையாக இருந்ததால் தண்ணீர் வடிந்துவிடும், மணல் தங்காது. 1961இல் இங்கே நடந்த முத்துக்குளிப்போடு அந்த முறை நின்றுபோனது. அந்த வலைப்பையை வடிவமைத்தவர் யாரென்று எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. ஆனால் அதில் இருக்கும் பொறியியல் ஏ-2வின் பைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

தோலே எதற்கு என்று இந்த வெயிலில் இருந்துகொண்டு கேட்கத் தோன்றும். 1,000 மீட்டர் மேலே போனால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. தூத்துக்குடியில் தரையில் 32 டிகிரி இருக்கும் பகலிலேயே, நேர் மேலே 6,000 மீட்டரில் பூஜ்யத்துக்குக் கீழே 7 டிகிரி வாக்கில் இருக்கும். அந்தக் கால விமானங்களில் காற்று புகாத அறை கிடையாது. குளிரைவிடக் கொடியது காற்று. உடலை ஒட்டி நிற்கும் சூடான காற்றுப் படலத்தை அது பிடுங்கிக்கொண்டு போய்விடும். தறியில் நெய்த துணியில் இழைகளுக்கு நடுவே நேராக ஊடுருவும் இடைவெளிகள் உண்டு. தோலில் நார்கள் எல்லாத் திசையிலும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் காற்றுக்கு நேர்வழி இல்லை. மணிக்கட்டிலும் இடுப்பிலும் வைத்த பின்னல் பட்டி அங்கே புகும் காற்றையும் அடைத்துவிடுகிறது.

இனி அந்தப் பையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஜாக்கெட் தோலின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பையின் ஓரத்தை மடிக்க வேண்டுமென்றால் முதலில் அந்த ஓரத்தை உளியால் சீவி மெலிதாக்க வேண்டும். பிறகு பசை தடவி, மடித்து, சுத்தியால் தட்டி உட்கார வைக்க வேண்டும். அதை உடல் பாகத்தின் மேல் வைத்துத் தைக்கும்போது தவறுக்கு இடமில்லை. துணியில் தையலைப் பிரித்தால் இழைகள் நகர்ந்து ஊசித்துளை மறைந்துவிடும். தோலில் ஊசி நார்களை அறுத்துக்கொண்டு போகிறது. அறுந்த நார் திரும்பச் சேராது. ஒரு முறை குத்திய துளை அந்தத் தோல் இருக்கும்வரை இருக்கும். அதனால்தான் தோல் தைப்பவர்கள் குண்டூசி குத்திப் பிடித்துவைக்க மாட்டார்கள், பசையோ கிளிப்போதான். தையலையும் நெருக்கமாகப் போடக் கூடாது. துளைகள் மிக நெருங்கிவிட்டால் தபால்தலை ஓரம்போல அந்தக் கோட்டிலேயே கிழிய வழி பிறந்துவிடும்.

மறையாத அந்தத் துளைதான் நமக்குச் சாட்சி. யாராவது பின்னாளில் சைடு பாக்கெட்டை வெட்டி வைத்திருந்தால், பழைய பையைப் பிரித்துத் தள்ளித் தைத்திருந்தால், ஒரு பூதக்கண்ணாடி போதும். பையின் ஓரத்தை ஒட்டி, இப்போது நூல் ஓடாத வெற்றுத் துளைகள் வரிசையாகத் தெரியும். அதுபோல, ஒரு காலத்தில் மார்பில் தைத்திருந்த படைப்பிரிவுச் சின்னத்தைக் கழற்றியிருந்தால் அதன் உருவமே துளைகளில் வட்டமாக நிற்கும். போலிச் சின்னத்தைப் புதிதாகத் தைத்தால், பழைய துளை வட்டமும் புதிய வட்டமும் ஒன்றோடொன்று பொருந்தாது.

மூலைகளைப் பாருங்கள். பையின் வாய் உடலோடு சேரும் இரண்டு மேல் மூலைகளில்தான் இழுவிசை முழுவதும் வந்து குவிகிறது. கை உள்ளே போகும்போதும் வரும்போதும் அந்த இடம் இழுபடும். நல்ல வேலைக்காரர் அங்கே தையலை இரட்டிப்பார், அல்லது உள்ளே ஒரு சிறு தோல் துண்டை வைத்துத் தாங்கல் கொடுப்பார். மலிவாகச் செய்த பிரதியில் அந்தத் தாங்கல் இருக்காது. வெளியே எல்லாம் அச்சு அசலாக இருந்து உள்ளே தாங்கல் இல்லாவிட்டால், அதைத் தைத்தவர் படத்தைப் பார்த்துத் தைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

மூடியைத் தூக்கிப் பாருங்கள். பல பத்தாண்டு வெளிச்சம் பட்ட ஜாக்கெட்டில் வெளிப்புறச் சாயம் வெளுத்திருக்கும். மூடிக்கு அடியில் வெயில் படாத பட்டை மட்டும் முதல் நாள் நிறத்தில் இருக்கும். பழசாக்கிக் காட்டுவதற்காகத் தேய்த்தும் சாயம் தெளித்தும் செய்யும்போது மூடியின் அடியிலும் அதே தேய்மானம் இருக்கும், இல்லாவிட்டால் கை படவே வழியில்லாத இடங்களில் தேய்ந்திருக்கும். டிச் பட்டனைச் சுற்றிப் பச்சையாக, மெழுகுபோல ஏதாவது கசிந்திருக்கிறதா? பித்தளையில் உள்ள செம்பு, தோலுக்கு ஊட்டிய எண்ணெயின் கொழுப்பமிலங்களோடு மெல்ல மெல்லச் சேர்ந்து உண்டாகும் உப்பு அது. வருடங்கள் போகப் போகத்தான் சேரும்.

கடைசியாக நூல். போர்க்காலத்தில் பருத்தி நூல் ஓடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் துணிகளிலும் நூல்களிலும் சோப்புத் தூள்களிலும் வெண்மையூட்டும் ரசாயனங்கள் பரவலாக நுழைந்தன. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பித் தருவது அவற்றின் வேலை. ரூபாய் நோட்டைச் சரிபார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கை இருட்டில் காட்டினால், பையின் தையலோ காலர் லேபிளோ பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், அந்த நூல் பின்னால் வந்தது. சோப்புத் தூளிலும் அந்த ரசாயனம் இருப்பதால் துவைத்த உள் துணியை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஒளிராமல் இருப்பதும் முழு நிரூபணம் ஆகாது, மறுபடைப்பு செய்கிறவர்கள் பருத்தி நூலையே தேடிப் பிடித்துத் தைக்கிறார்கள்.

பையைப் பார்த்தாயிற்று, அது ஒட்டியிருக்கும் தோலைப் பார்க்க வேண்டும். இங்கே கதை நேராகத் தூத்துக்குடி உப்பளத்துக்கு வருகிறது.

உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். டேனரி போய்ச் சேரும்வரை அதைக் காப்பாற்றுவது உப்பு. பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு உப்பைத் தூவி அடுக்கினால், உப்பு தோலிலிருந்து நீரை இழுத்துவிடும். சாதாரண பாக்டீரியாக்கள் பிழைக்க முடியாது. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடிப் பாத்திகளில் விளைவது. இங்கிருந்து போகும் உப்பு சமையலறைக்கும் போகிறது, ரசாயன ஆலைக்கும் போகிறது, தோல் மண்டிக்கும் போகிறது.

ஆனால் உப்பிலேயே வாழும் உயிர்களும் உண்டு. பாத்தியில் நீர் சுண்டி, உப்பு பூக்கும் நேரத்தில் நீர் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஹாலோபாக்டீரியம் போன்ற நுண்ணுயிர்களின் நிறம். கடலைவிடப் பல மடங்கு உப்பான நீர்தான் அவற்றுக்குப் பிடித்த இடம். வெயிலில் விளைந்த உப்பின் கல்லுக்குள்ளேயே அவை ஒட்டிக்கொண்டு பயணம் போகின்றன. கருவாட்டில் சில நேரம் சிவப்புப் பூப்பது இவற்றால்தான். உப்பிட்ட தோல் வெப்பமான இடத்தில் நாள்கணக்காகக் கிடந்தால் அதிலும் அதே சிவப்புப் பரவும். அவை விடும் நொதிகள் தோலின் மேற்பரப்பைத் தின்று, மயிர்க்கால் வரிசையைச் சிதைத்துவிடும். பதனிட்ட பிறகு அந்த இடம் சொரசொரப்பாக, மங்கலாக, சாயம் திட்டாக ஏறித் தெரியும். ஜாக்கெட்டுக்குத் தோல் தேர்ந்தெடுப்பவர் இந்தக் குறை உள்ள துண்டை முதுகுக்கு வைக்க மாட்டார். மலிவு வேலையில் அது பைக்கு அடியிலோ கைக்கு உட்புறமோ ஒளிந்துகொள்ளும்.

உப்பு கழுவப்பட்டதும் சுண்ணாம்புத் தொட்டி. மயிரும் கொழுப்பும் தேவையில்லாத புரதங்களும் போய், மிஞ்சுவது கொல்லாஜன். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு அது. அந்த வடிவத்தை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எக்ஸ்ரே படம் எடுப்பதற்கான கங்காரு வால் தசைநாண், அடையாற்றில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது. 1948இல் தொடங்கப்பட்ட ஒரு தோல் ஆய்வகமும் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையும் அருகருகே இருந்ததால் நடந்த காரியம் இது. தோல் என்றால் என்ன என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை நம் தமிழ்நாட்டில் கிடைத்தது என்பதை நம் பிள்ளைகள் பாடமாகப் படித்தால் நன்றாக இருக்கும்.

பதனிடுவது என்பது இந்த முறுக்குகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுவது. பச்சைக் கொல்லாஜனை நீரில் வைத்துச் சூடாக்கினால் 65 டிகிரி வாக்கிலேயே முறுக்கு அவிழ்ந்து சுருங்கிவிடும். பட்டையில் பதனிட்டது 75, 80 டிகிரி தாங்கும். குரோம் ஏற்றியது கொதிநீரையே தாங்கும், ஏனென்றால் குரோமியம் அணுக்கள் புரதத்தின் அமிலக் கிளைகளை உறுதியான பிணைப்பால் இணைத்துவிடுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் குரோம் ஏற்றிய ஈரத் தோலை ‘வெட் புளூ’ என்றே சொல்கிறார்கள். நிறம் வெளிர் நீலம். மேலே எந்தச் சாயம் போட்டாலும், வெட்டிய ஓரத்தை உற்றுப் பார்த்தால் நடுவே அந்த நீலச் சாம்பல் பெரும்பாலும் தெரியும். பட்டையில் பதனிட்டதன் நடு பழுப்பாக இருக்கும். பையின் உட்புறத்தில், யாரும் பார்க்காத ஓரத்தில் இதைத் தேடலாம்.

சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்துப் பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்டன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அது. குரோம்பேட்டையின் பெயர் அங்கே இருந்த குரோம் லெதர் நிறுவனத்தால் வந்தது. அதற்கு முன்பிருந்தே இங்கே ஆவாரம்பட்டைதான் அரசன். தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசலிலும் செம்மண்ணிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் அதே ஆவாரை. அதன் பங்காளியான நிலாவாரையை, திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரில், இந்தத் துறைமுகம் உலகத்துக்கெல்லாம் மருந்துச் சரக்காக ஏற்றி அனுப்பியது. ஆவாரம்பட்டையில் 15 முதல் 20 விழுக்காடு வரை டேனின் இருக்கிறது. பட்டையில் ஊறிய தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும் என்பதால் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுப்பார்கள். நிறம் வெளிர் மஞ்சளாக நிலைக்கும். ஈஸ்ட் இந்தியா, சுருக்கமாக ஈ.ஐ. லெதர் என்று ஐரோப்பியச் சந்தையில் பெயர் வாங்கிய சரக்கு இதுதான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்காக சென்னை மாகாணத்துப் பதனிட்ட மாட்டுத்தோலை அரசே கட்டுப்பாட்டில் எடுத்து வாங்கியது. இன்று ஈ.ஐ. லெதர் தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு என்று பட்டைத் தோலுக்குப் பெயர்போன ஊர்கள் பல. அங்கே பிற்காலத்தில் ஆவாரையின் இடத்தை வாட்டில் பட்டை பிடித்துக்கொண்டது.

எந்த மிருகத்தின் தோல் என்பதையும் கண்ணாலேயே சொல்லலாம். போர்க்கால ஏ-2 பெரும்பாலும் குதிரைத்தோல். வண்டி இழுத்த, ஏர் இழுத்த குதிரைகள் அமெரிக்காவில் மிகுந்திருந்த காலம். சில ஒப்பந்தங்களில் ஆட்டுத்தோலும் வந்தது. கடற்படையின் ஜி-1 ஆட்டுத்தோலையே எடுத்துக்கொண்டது. 1986இல் வந்த ‘டாப் கன்’ படத்தில் கதாநாயகன் போட்டிருப்பது அந்த வகை. வெள்ளாட்டின் மயிர்க்கால்கள் சிறு சிறு கூட்டங்களாக, வளைந்த வரிசைகளில் இருக்கும். பெரிய துளைகளுக்கு நடுவே மிக நுண்ணிய துளைகள். கூழாங்கல் பரப்பினதுபோல் விரலுக்குத் தட்டுப்படும் அந்த மேடுபள்ளம் ஆட்டுத்தோலின் கையெழுத்து. செம்மறியில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நடுவே கொழுப்பு நிறைய இருந்து, அது நீங்கிய பின் தோல் தொளதொளவென்று ஆகிவிடும். நகத்தால் கீறினால் மேல் அடுக்கு உரியவும் கூடும். குதிரைத்தோலில் துளைகள் அவ்வளவாகத் தெரியாது, வழவழப்பும் இறுக்கமும் அதிகம். ரெக்சினில் அச்சுருளை வைத்து மயிர்க்கால் பதிப்பார்கள். உருளை ஒரு சுற்று முடிந்ததும் அதே கோலம் திரும்ப வரும். இடது பையின் மூடியையும் வலது பையின் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே சுருக்கம், ஒரே துளை வரிசை இருந்தால் அது மிருகத்தின் உடம்பிலிருந்து வந்ததல்ல.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. தோலைக் காத்த அந்த உப்பு, டேனரியில் கழுவும்போது தண்ணீரோடு வெளியேறுகிறது. பாலாற்றங்கரைக் கிணறுகள் உவர்ந்துபோனதில் குரோமியத்தோடு இந்த உப்புக்கும் பெரும் பங்கு. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநிறுத்தியது. குறைந்த உப்பில் தோலைக் காக்கும் வழிகளையும், குரோமியம் வீணாகாத பதனிடும் முறைகளையும் அடையாற்று நிறுவனம் ஆராய்ந்துவருகிறது. நல்ல ஜாக்கெட் என்று நான் சொல்வது, அந்தத் தண்ணீர்க் கணக்கையும் சேர்த்துத்தான். பையின் வளைவு 1942ஐ அப்படியே ஒத்திருந்து, தோல் வந்த ஊரின் கிணறு பாழாகியிருந்தால், அந்த வேலையை முழுமையான வேலை என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு: இந்தக் காற்றே பரிசோதனைச் சாலை. தூத்துக்குடியில் மழை குறைவு, காற்றில் ஈரம் அதிகம், அதில் உப்பும் உண்டு. ரெக்சின் வகைகளில் பாலியூரித்தேன் பூச்சு போட்டவை இங்கே சில வருடங்களிலேயே தோல் உரிந்து செதில் செதிலாக உதிரும். காற்றின் ஈரம் அந்தப் பூச்சின் எஸ்டர் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுப்பதுதான் காரணம். பீரோவுக்குள் பத்திரமாக வைத்தாலும் அது நிற்காது. கப்பலில் வேலை பார்த்துத் திரும்பும் பிள்ளைகள் வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஆசையாக வாங்கிவந்த ‘லெதர்’ ஜாக்கெட் இரண்டாம் வருடம் தோள்பட்டையில் உதிர ஆரம்பித்தால், வாங்கிய கடையில் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குக் காற்று பதில் சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

உண்மையான தோல் உதிராது, ஆனால் பூஞ்சை பிடிக்கும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் தோலில் ஊட்டிய எண்ணெயும் கைபட்ட வியர்வையும் பூஞ்சைக்கு உணவு. பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு இன்னும் மோசமாகும். பழைய பருத்தி வேட்டித் துணி போதும். அகன்ற தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, சுவரை ஒட்டாமல் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். பூஞ்சை வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் எண்ணெய் வறண்டு தோல் விறைத்துவிடும். பெரும்பாலும் பூஞ்சை முதலில் தலைகாட்டுவது பைக்குள்தான், காற்று போகாத இருட்டு அது. எடுத்து வைக்கும் முன் பையில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, உள்துணியை வெளிப்புறமாக இழுத்துத் தட்டிவிட்டு, மூடியின் டிச் பட்டனைப் போடாமல் திறந்தே விடுங்கள். பட்டனைச் சுற்றிப் பச்சை கசிந்திருந்தால் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டினால் வந்துவிடும். எலுமிச்சை போடக் கூடாது. அமிலம் பட்ட இடத்தில் தோல் பொடிந்துபோகும்.